ஒற்றை ஸ்டம்ப்

பனைமுனையில் ஒருவர் சாகப்போகிறார் என்றால் அது முதலில் தெரிவது டாக்டருக்கு அல்ல, பங்குச்சாமியாருக்கும் அல்ல, கயித்தானின் பந்துக்குத்தான் என்பதை அந்தக் கடலோர ஊர் ஏற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அதெப்படி என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், கொண்டல் காற்று எப்படி அடிக்கிறது, ஒரு நாள் இருக்கிற மீன்பாடு மறுநாள் எப்படி இல்லாமல் போகிறது, அதுபோலத்தான் இதுவும் என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

கயித்தானுக்கு ஐஸ் பேக்டரியில் வேலை. விடியற்காலையில் போய், கொக்கி போட்டு ஐஸ் பார்களை இழுத்து, உடைத்து, லாரியில் ஏற்றி, மத்தியானத்துக்கு மேல் வீடு திரும்பிச் சாப்பிட்டு, சாயங்காலம் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்துக்குப் போய்விடுவான். ஐஸ் இழுத்த தோள் என்பதால் அவன் பந்தில் வேகத்துக்குக் குறைச்சல் கிடையாது, குறைச்சலெல்லாம் திசையில்தான். அவன் ஓடிவரத் தொடங்கியதும் ஊர் டீமின் விக்கெட் கீப்பர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். வைடு காட்ட எதற்கு வீணாக மடக்கி மடக்கி விரிக்க வேண்டும் என்று அம்பயர் இரண்டு கையையும் விரித்தபடியே நிற்பார். "கல்யாணத்தன்னைக்கு மாலையை என் கழுத்துல போடச் சொன்னா தோழிப்பொண்ணு கழுத்துல போட்ட மனுசன்," என்று அவன் மனைவி ஜெசிந்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அது முழுப் பொய்யும் இல்லை.

ஆனால் கேலிக்கு வெட்கப்பட்டு விட்டுவிடுகிற ஆள் இல்லை அவன். டீம் கேப்டன் ரெமிஜியூஸ் போனில் பார்த்ததையெல்லாம் வந்து சொல்வான்: தையல் நேராக நிற்கும்படி பிடி, மணிக்கட்டு பந்துக்குப் பின்னாலேயே இருக்கட்டும், ஒரு பக்கத்தை மட்டும் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கு, மறுபக்கம் சொரசொரப்பாகவே கிடக்கட்டும், பந்து கையை விட்டுப் போகும் வரைக்கும் ஸ்டம்பிலிருந்து கண்ணை எடுக்காதே. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு கயித்தான் ஒற்றை ஸ்டம்பை நட்டு, பந்து குத்த வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைச் சிப்பியை வைத்து, ஸ்டம்புக்குப் பின்னால் பந்து ஓடிவிடாமலிருக்க இரண்டு கம்புகளில் பழைய வலையைக் கட்டி, கடல் பக்கமிருந்து மேற்கு பார்த்து ஓடிவந்து போட்டுக்கொண்டே இருப்பான். சாய்கிற வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அதுவும் நல்லதுதான், ஸ்டம்பின் கறுப்புக் கோட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்பான். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்தது, தலையில் நரை விழுந்த பிறகும் நிற்கவில்லை. வருசம் போகப் போகப் பந்து காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கற்றுக்கொண்டது. ஸ்டம்பில் மட்டும் படாது. ஒரு நாள்கூட, ஒரு பந்துகூடப் பட்டதில்லை.

அப்படிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில்தான், அவன் கையை விட்ட பந்து பாதி தூரம் ஒழுங்காகப் போய், சந்தியில் திடீரென்று ஒரு வேலை ஞாபகம் வந்தவனைப்போலத் திரும்பி, வலையைத் தாண்டி, கோயில் மதிலைத் தாண்டி, பூவரச மரத்துக்கு மேலாக அவசரமே இல்லாமல் வளைந்துபோய், பஸ் ஸ்டாப்பில் கத்தரிக்காய்ப் பையோடு நின்றுகொண்டிருந்த தொம்மையின் காலடியில் மெல்ல இறங்கி நின்றது. தொம்மை பந்தை எடுத்துப் பார்த்து, "எல, இது ஸ்விங்கா, புறாவா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், எல்லாரும் முழங்காலிலிருந்து எழுந்தபோது அவர் மட்டும் எழவில்லை.

முதல் தடவை என்பதால் அதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அடுத்து பந்து போய் உட்கார்ந்தது சிலுவை, லாசர் என்ற அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவிலிருந்த பொதுச்சுவரின் மேல். இந்தப் பக்கம் அண்ணன் சாய்ந்திருந்தார், அந்தப் பக்கம் தம்பி சாய்ந்திருந்தார், பந்து யாரைத் தேடி வந்தது என்று சொல்ல வழியில்லை. ஒரு முழத் தென்னந்தோப்புக்காகப் பல வருசம் முகம் பார்க்காமலிருந்த இருவரும் அன்றே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுது, ஒரே சட்டியில் மீன்குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு வாரம் கழித்து லாசர் போனார். அடக்கத்தன்று சிலுவை யார் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பியோடு ராசியானது தம்பிமேலிருந்த பாசத்தினாலா, தன் உயிர்மேலிருந்த பயத்தினாலா என்று அவருக்கே தெரியாமல் போனதுதான் அவருக்கு லாசர் செத்ததைவிடப் பெரிய துக்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஊர் இதைத் தன் வழக்கங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பந்து வீட்டைத் தேடிப் போவதில்லை, ஆளைத்தான் தேடிப் போகிறது, மகள் வீட்டில் போய்ப் படுத்திருந்தாலும் அங்கேயே போய் நிற்கிறது என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். கோயில் உபதேசியார் மரியானுஸ் சாயங்காலமானால் குடையை எடுத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார், சாகப்போகிறவருக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயை எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது, துக்க மணிக்கு எப்போது எண்ணெய் போட்டு வைப்பது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பெட்டி செய்கிற ஆசாரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாக ஆளின் உயரத்தை விசாரித்துக்கொள்வார். மஸ்கட்டிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை போன் போட்டால், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு முன்னால் பந்து நம் தெருப் பக்கம் வந்ததா என்று கேட்டு அதற்குத் தக்கபடி லீவு எழுதிக் கொடுப்பார்கள். கல்யாணம் வைத்திருக்கிற வீட்டார் வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் பந்தலுக்குச் சொல்வார்கள். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் இதெல்லாம் மூடநம்பிக்கை, சாவின் நாழிகையைப் பிதா ஒருவரே அறிவார் என்று கண்டித்துவிட்டு, பூசை முடிந்து சக்கரிஸ்து அறையில் அங்கியைக் கழற்றும்போது, நேற்று எந்தப் பக்கம் போனது என்று உபதேசியாரிடம் மெதுவாகக் கேட்பார். பந்து போய்ச் சேர்ந்த வீட்டார் அதை நோயாளியின் தலைமாட்டில் வைத்திருந்து, அடக்கம் முடிந்த மறுநாள் உப்புத் தண்ணீரில் கழுவி, புது வெள்ளைத் துணியில் சுற்றி, வீட்டில் மூத்தவர் ஒருவர் கையாலேயே கயித்தானிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றொரு முறையும் ஏற்பட்டது. யார் ஏற்படுத்தியது என்று தெரியாது. அதுவரை அவன் வேறொரு பழைய பந்தை வைத்துப் போட்டுக்கொண்டிருப்பான். பந்து வந்த அன்று மண்ணை வாரி அவன்மேல் தூற்றி, "நீ நாசமாப் போவ" என்று சபித்த பெண்கள்கூட மறுவாரம் துணியில் சுற்றிய பந்தோடு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

இதையெல்லாம் நல்லதாக மாற்றிவிடலாம் என்று யோசித்தவர் தொபியாஸ், சொந்தமாக வள்ளங்கள் வைத்திருப்பவர், ஊர்க்கமிட்டித் தலைவர். கோயில் வராந்தாவில் கூட்டம் போட்டு அவர் கேட்டார்: "அவன் ஊரைப் பாத்துப் போடுதான், அதனால பந்து ஊருக்குள்ள வருது. கடலைப் பாத்துப் போட்டா என்ன? கடல்ல எவன் வீடு கட்டிக் குடியிருக்கான்?" எல்லாரும் கை தட்டினார்கள். கடலை விட்டால் வேறு பிழைப்பே இல்லாத ஊர், கடலில் ஆள் இல்லை என்று நினைத்தது அந்த ஒரு நாள்தான். மறுநாளே பிட்சைத் திருப்பிப் போட்டார்கள், ஸ்டம்பைக் கரையோரமாக நட்டார்கள், கயித்தான் ஊருக்கு முதுகைக் காட்டி ஓடினான். கொஞ்ச நாள் பந்து சும்மா மற்றவர்கள் பந்துபோலப் போய் மணலில் விழுந்தது. பிறகு ஒரு நாள் அது வளைந்து, அலைகளுக்கு மேலாகத் தென்கிழக்கே சிறுத்துக்கொண்டே போய் மறைந்தது. சாவு கடலோடு போயிற்று என்று சனம் வெடி போட்டது, தொபியாஸைத் தோளில் தூக்கியது.

வள்ளங்கள் திரும்பியபோது ஒன்றில் ஒரு ஆள் குறைந்தது. தொபியாஸின் மகன் ராயப்பன், வலைக்கயிறு காலில் சுற்றிக் கடலுக்குள் போயிருந்தான்.

தொபியாஸ் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. தானே மண்வெட்டி எடுத்துவந்து, பிட்சைப் பழையபடி மேற்கு பார்க்கத் திருப்பி, கெட்டியாக்கி, தண்ணீர் தெளித்தார். கழுவிக் கொடுக்கப் பந்து இல்லை, அது கடலில் போய்விட்டது, அதனால் டவுனுக்குப் போய்ப் புதிதாக ஒரு ஸ்டிச் பால் வாங்கி, அதையும் முறைப்படி உப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கயித்தானிடம் கொடுத்தார். "ஒன்னைச் சொல்லிக் குத்தமில்ல மக்கா," என்றார். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் அவன் கையைப் பார்க்கவில்லை. அந்தப் புதுப் பந்தும் பழைய பந்து செய்ததையே செய்தபோது, அதுவரை பந்தின் குணமென்று இருந்தது கையின் குணமாகிவிட்டது. கயித்தானுக்குச் சோறு பிசையும்போதெல்லாம் தன் வலது கையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அவன் போடுவதையே நிறுத்தினான். பனைமுனையில் சாவு நிற்கவில்லை. அவஸ்தை வாங்காமல் ஒருவர் போனார். அப்பா முகத்தைப் பார்க்காமல் ஒருவன் மஸ்கட்டிலேயே கிடந்து அழுதான். முன்னால் சபித்தவர்களே வந்து, "நீ போடாட்டா மட்டும் சாவு வராமலா இருக்கு? சொல்லாம வருது, அம்புட்டுத்தான்," என்று கோபித்துக்கொண்டார்கள். உபதேசியார் குடையோடு தினமும் வந்து வெறும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனுக்கே பொறுக்கவில்லை. மறுபடியும் ஸ்டம்பை நட்டான்.

ஜெசிந்தாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது அந்த வருசம்தான். தண்ணீர்க் குடத்தோடு பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள், கேட்டால் வெயில் என்பாள். டவுன் ஆஸ்பத்திரியில் இருதயத்துக்குள்ளே ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, வெட்டித் தைத்தால் உடம்பு தாங்காது, மாத்திரையில் ஓடுகிற வரை ஓடட்டும் என்றார்கள். பிள்ளை இல்லாத வீடு. அவன் வேலைக்குப் போய்விட்டால் அவள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பாள். ஒரு சாயங்காலம் பந்து அவன் கையிலிருந்து கிளம்பி, தெற்கே வளைந்து, மதிலையும் பூவரசையும் தாண்டித் தன் தெருவுக்குள் இறங்குவதைக் கயித்தான் பார்த்தான். உபதேசியார் குடையை மடக்கி, தரையைப் பார்த்தார். ஆசாரி எழுந்து போய்விட்டார்.

ஓடிப்போய் நின்றபோது அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பந்து. அதை முந்தானையால் துடைத்து வைத்திருந்தாள், அதுவும் பளபளப்பான பக்கத்தை மட்டும்.

"உங்க பந்து," என்று நீட்டினாள். "இன்னைக்கு ரொம்பத் தூரம் வந்துருச்சு போலயே."

அவன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை. விடியும்போது அவனுக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது, அதாவது தெளிவானதாக அவன் நினைத்துக்கொண்டான். பந்து போகிறது என்றால் என் கையிலிருந்துதானே போகிறது. அப்படியென்றால் கோளாறு கையில்தான். கையிலிருக்கிற கோளாறைப் பழக்கத்தால் திருத்தலாம், உலகத்தில் எத்தனை பேர் திருத்தியிருக்கிறார்கள். ஒரே ஒரு பந்து அங்கே இங்கே திரும்பாமல் நேராகப் போய் ஸ்டம்பில் பட்டுவிட்டால், பந்துக்குத் தன் வீட்டு வழி மறந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டம்ப் விழுந்தால் ஜெசிந்தா பிழைத்தாள். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்விங் வேண்டும் என்று பாதி ஆயுசைக் கழித்தவன் ஸ்விங்கே வேண்டாம் என்று பழக ஆரம்பித்தான். தையலைக் குறுக்கே பிடித்துப் போட்டான். பளபளப்பான பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிப் போட்டான். தண்ணீரில் ஊறவைத்துக் கனக்கப் போட்டான். ஓட்டத்தைக் குறைத்து, பிறகு ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே போட்டான், கச்சான் காற்றுக்கு எதிரே போட்டான், இடது கையால்கூடப் போட்டுப் பார்த்தான். எல்லாப் பந்தும் பாதி வழியில் தெற்கே திரும்பி வீட்டுக்குப் போயிற்று, மேய்ச்சல் முடிந்த ஆடுபோல. ஒவ்வொரு தடவையும் அவன் பின்னாலேயே நடந்து வீட்டு வாசலுக்குப் போவான், அவள் துடைத்து வைத்திருக்கிற பந்தை வாங்கிக்கொண்டு மைதானத்துக்குத் திரும்புவான். அவன் தோள் வீங்கியது. ஐஸ் பேக்டரியில் ஐஸ் துண்டையே துணியில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு கொக்கி இழுத்தான். அந்த மாதங்களில் ஊரில் வேறு யாராவது போனால் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார்கள், அதற்காக யாரும் அவனிடம் வந்து கோபித்துக்கொள்ளவில்லை. ரெமிஜியூஸ் மட்டும் ஒரு நாள் வந்து, மணிக்கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவன்போல அவன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

ஜெசிந்தாவின் கால் வீங்கியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தால்தான் அவளால் மூச்சுவிட முடிந்தது. அவளால் வாசலுக்கு வர முடியாமல் போக, பந்து சன்னல் வழியாகக் கட்டிலுக்கே வந்தது.

"ஏங்க," என்றாள் ஒரு நாள், பந்தைக் கொடுக்காமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு. "ஒரு சாயங்காலத்துக்கு எத்தனை தடவை வந்து வந்து போறிய. ஒரு தடவையாவது உக்காந்தியளா?"

"வெளிச்சம் போயிரும்ட்டி. குடு."

"எனக்கும்தான் போயிரும்."

அவன் கையை நீட்டினான். அவள் சிரித்துக்கொண்டே, "என் சாவு உங்க கையிலயா இருக்கு? அம்புட்டுப் பெரிய ஆளா நீங்க? ஒரு மாலையை ஒழுங்காப் போடத் தெரியாது," என்றாள், சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

"கையிலதான் இருக்கு," என்றான் அவன். "தொம்மையண்ணன், லாசரு, ராயப்பன், எல்லாம் இந்தக் கையாலதான். ஒன்னையும் இந்தக் கை கொண்டுபோயிரக் கூடாது. நேரா ஒரு பந்து, ஒண்ணே ஒண்ணு ஸ்டம்புல பட்டாப் போதும். பட்டுருச்சுன்னா அப்புறம் நான் பந்தைத் தொடமாட்டேன். ஒன் பக்கத்துலயே இருப்பேன்."

"பட்டுருச்சுன்னா வீட்டுக்கு வந்துருவியளா?"

"வந்துருவேன்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் சேலையில் அழுத்தித் தேய்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் மைதானத்துக்குப் போனபோது ஊரே வந்திருந்தது. திருவிழாக் கோப்பை ஆட்டத்துக்குக்கூட அவ்வளவு பேர் வருவதில்லை. ஆனால் யாரும் பேசவில்லை, குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தன. உபதேசியார் வழக்கமான இடத்தில் இல்லை. தனக்காகச் செபம் பண்ண வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கயித்தான் சிப்பியை வைத்தான், கடல் பக்கம் நடந்துபோய்த் திரும்பினான். வெயில் கண்ணில் குத்தியது. எதிரே எல்லாம் மஞ்சளாக எரிந்தது, நடுவில் ஒரு கறுப்புக் கோடு. மணிக்கட்டைப் பார்த்தான். தையலை நேராகப் பிடித்தான். மாதாவே என்று ஓடினான்.

பந்து கையை விட்டது. பாதி வழியில் அது திரும்பும் என்று அவன் உடம்பு தெற்கே சாய்ந்து காத்திருந்தது. காத்திருந்து பழகிய உடம்பு. பந்து திரும்பவில்லை. தச்சன் நூல் பிடித்தது மாதிரி போய், சிப்பியின்மேல் குத்தி அதை உடைத்து, எழுந்து, ஸ்டம்பைப் பிடுங்கி வலைக்குள் வீசியது.

அவன் போட்ட கூச்சல் உப்பளம் வரைக்கும் கேட்டது என்பார்கள். அவ்வளவு வருசப் பழக்கமும் வீங்கிய தோளும் அந்த ஒரு சத்தத்துக்குள் இருந்தது. சனம் ஒரு கணம் அசையாமல் நின்றது. முதலில் தொபியாஸ் கை தட்டினார். பிறகு ரெமிஜியூஸ், சிலுவை, பிறகு எல்லாரும். மண்ணை வாரித் தூற்றிய பெண்கள் தட்டினார்கள், பங்குச்சாமியார் தட்டினார், அழுதுகொண்டே தட்டினார்கள். கயித்தான் சிரித்தபடி, கண்ணீர் வழிய, விழுந்த ஸ்டம்பை எடுக்க ஓடினான். பிழைத்துவிட்டாள், பிழைத்துவிட்டாள் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பக்கத்தில் போகப் போகக் கோயில் மதிலின் நிழல் வெயிலை மறைத்தது. அப்போதுதான் வலைக்குப் பின்னால், ஸ்டம்ப் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருப்பது தெரிந்தது. அவன் முதுகைக் காட்டிக் கடல் பக்கம் நடந்தபோது அதைத் தூக்கிவந்து போட்ட தெருப் பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டி, தலை வாரிப் பூ வைத்து, அதில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். வலைக்குள் மாட்டியிருந்த பந்தை எடுக்க அவள் கை கண்ணிக்குள் நுழைந்திருந்தது.

பந்து ஆளைத் தேடித்தான் போகும். அது எப்போதும் போகிற இடத்துக்குத்தான் இப்போதும் போயிருக்கிறது. அவள்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள். இது கயித்தானுக்குப் புரிந்தது, அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது, ஆனாலும் யாரும் கைதட்டலை நிறுத்தவில்லை; நிறுத்தினால் அதற்கப்புறம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்ற உபதேசியார் வெயில் இல்லாத நிழலில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

கயித்தான் வலைக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டான்.

"நீ எதுக்குட்டி இங்க வந்த?"

"நீங்கதான வீட்டுக்கு வரல," என்றாள். மூச்சு வாங்கினாள். "பாத்தேன். எவ்வளவு நேரா வந்துச்சு."

அவள் பந்தை வலையிலிருந்து விடுவித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கிய," என்றாள். "வாங்க, வெளிச்சம் இருக்கையிலேயே போவோம்."

பெண்கள் விலகிக்கொண்டார்கள். அவன் நாற்காலியோடு அவளைத் தூக்கினான். ஐஸ் பார் தூக்குகிற கைக்கு அவள் கனமாகவே இல்லை, அந்தக் கனமின்மைதான் வழி முழுக்க அவனை அழவைத்தது. ஸ்டம்ப் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

சத்தியத்தை அவன் மீறவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும், தெருவில் விளக்குப் போடுவதற்கு வெகுநேரம் முன்பிருந்தே, அவன் அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருப்பதைத் தெரு பார்த்தது. சில நாள் அவள் பேசினாள், சில நாள் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு அவன் பேசினான். உள்ளேயிருந்து சிரிப்புக்கூடக் கேட்டது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு காலையில் துக்க மணி அடித்தது. உபதேசியார் மெதுவாகத்தான் அடித்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள், முறை தவறக் கூடாது என்று, கயித்தான் அவள் தலைமாட்டிலிருந்த பந்தை எடுத்து உப்புத் தண்ணீரில் கழுவினான். அவள் கடைசியாகத் தேய்த்த பக்கம் இன்னும் பளபளவென்று இருந்தது. புது வெள்ளைத் துணி வாங்கி வந்து அதில் சுற்றினான், முடிச்சுப் போட்டான், வீட்டில் மூத்தவர் கையால் கொடுக்க வேண்டும் என்பதால் தானே அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். வாசலில் நின்ற பிறகுதான், அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தனக்குத் தெரியாதது அவனுக்கு உறைத்தது.